சேவைக்கார யெம்மும் பேரில்லாத கிணறும்

கம்பொங் தொம் மாகாணத்தில் எந்த ஊருக்குப் போனாலும், அங்கே இருக்கும் அடிபம்பைக் காட்டி இதைப் போட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள். பாதி ஊர்களில் சோம் ஹூய் என்பார்கள். மீதிப் பாதி ஊர்களில் பம்பில் தண்ணீர் வராது.

சோம் ஹூய் நான்தான். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நாட்டில் பள்ளிக்கூடங்களையே இழுத்து மூடிய காலம் வந்தது. அந்தக் காலம் போனபிறகு மறுபடி பலகை முன்னால் உட்கார என் வயிறு இடம் கொடுக்கவில்லை. நான் படித்தது மண்ணைத்தான். மேல்மண், களிமண், நொறுங்கும் செம்பாறை, மணல், அதற்குக் கீழே தண்ணீர். இரும்புக் குழாயைத் தோளில் சுமந்து தொடங்கியவன் இன்று துளை போடும் லாரிகளுக்குச் சொந்தக்காரன். என் வீட்டு வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. யாரும் கொடுத்ததில்லை, நானே உட்கார வைத்தவை.

ஆனால் இது என்னைப் பற்றியது இல்லை. என்னைப் பற்றி எழுதத் தொடங்கினால் மற்றவர்களுக்குத் தாள் மிஞ்சாது. இது த்ரபியாங் சூக் ஊரில் அரிசிச் சேவை பிழிந்து விற்கும் யெம்மைப் பற்றியது. அவளைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை. நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

என் தொழில் ஒரு விசித்திரமான தொழில். கிணறு வேண்டும் என்கிறவரிடம் பணம் இருக்காது. பணம் கொடுக்கிறவருக்குக் கிணறு தேவைப்படாது, அவர் கடல் தாண்டி எங்கேயோ இருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதாவது ஒரு சாமி இருப்பார். கொரியாவிலிருந்து வரும் சபைக்காரர்கள் கிணறு திறக்கும் அன்று கிடார் வாசித்துப் பாடுவார்கள். ஜப்பானிலிருந்து வரும் புத்த சங்கத்தார் கொடுத்தவர் பெயரைப் பளிங்கில் செதுக்கியே கொண்டுவருவார்கள். சாம் முஸ்லிம்கள் இருக்கும் ஆற்றோர ஊரில் வளைகுடாவிலிருந்து ஒருவர், இறந்துபோன தன் தாயாரின் பெயரில் கிணறு கொடுத்தார். அதைக் கேள்விப்பட்டு எங்கள் விகாரையின் ஆச்சாரே தலையை ஆட்டினார். "அவங்க சாமி வேற. ஆனா கணக்கு நமக்குப் புரியற கணக்கு" என்றார்.

இந்த ஆச்சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பிக்கு இல்லை, குடும்பஸ்தர். ஆனால் பிக்குகளுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று எல்லாச் சடங்கையும் நடத்துகிறவர். பெயர் நியெம். ஊரில் ஒரு பாலமோ மண்டபமோ கிணறோ வந்தால், அதைக் கொடுத்தவர் பெயரையும், அவருடைய இறந்துபோன சொந்தக்காரர்கள் பெயரையும் அவர் உரக்கப் படிப்பார். அப்போதுதான் புண்ணியம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். பெயர் படிக்காத கிணற்றில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். நான் போட்ட எந்தக் கிணறும் இந்த வழக்கத்தில் சிக்கிக்கொண்டதில்லை, இது ஒன்றைத் தவிர.

யெம்முக்கு அப்போது ஐம்பதைத் தொடும் வயது. சென் ஆற்றில் படகு வீட்டில் பிறந்தவள். புருஷன் தாய்லாந்து மீன்பிடிக் கப்பலுக்கு வேலைக்குப் போனான், கப்பல் திரும்பியது, அவன் திரும்பவில்லை. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை, அரிசியை ஊறப்போட்டாள். அன்றிலிருந்து சேவைதான் பிழைப்பு. அரிசியை அரைத்து, கல்லை ஏற்றித் தண்ணீரை வடித்து, மாவை வேகவைத்து இடித்து, மறுபடி கரைத்து, ஓட்டைத் தகரத்தின் வழியாகக் கொதிக்கிற தண்ணீரில் பிழிய வேண்டும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை, இன்னொரு தண்ணீரில் இன்னொருமுறை என்று அலச வேண்டும். சேவை என்பது பாதி அரிசி, பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை விகாரைக்குப் பின்னால் இருக்கும் தாமரைக் குளத்திலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவருவாள். கோடையில் குளம் சேறாகிவிடும். அப்போது சேவையிலும் சேற்று வாடை அடிக்கும். மீன் குழம்பில் எலுமிச்சைப்புல்லை அள்ளிப் போட்டுத்தான் மறைப்பாள்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் கேட்காமல் விடமாட்டாள். கொரியாக்காரர்கள் வந்தபோது, "உங்க சாமி காரம் சாப்பிடுவாரா?" என்று கேட்டாள். ஆடு கொடுக்க வந்த சங்கத்திடம், "ஆடு செத்துட்டா சொந்தக்காரங்க யாரு, நாங்களா நீங்களா?" என்று கேட்டாள். கேலிக்காகக் கேட்கிற ஆள் இல்லை. பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு கோடையில் புதிதாக ஒரு சபைக்காரர்கள் வந்தார்கள். நெதர்லாந்து என்ற நாட்டிலிருந்து. அங்கிருந்து வந்திருந்த பெண்ணின் பெயர் மார்ரிட். ஆறடி உயரம், எங்கள் மொழியை நன்றாகவே பேசுவாள், ஆனால் விகாரையில் ஓலைச்சுவடி படிக்கிற மாதிரி பேசுவாள். த்ரபியாங் சூக்கில் நான்கு குடியிருப்புகள் இருக்கின்றன. முதலில் ஒரு கிணறு, அதை மக்கள் பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டு மற்ற மூன்று என்று பேச்சு. முதல் கிணற்றுக்கு யார் இடம் கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். யெம் தன் வீட்டு முற்றத்தைக் காட்டினாள்.

ஊர்க்காரர்களுக்கு அந்த நாட்டைப் பற்றிக் கேட்டு ஒரே ஆச்சரியம். அரிசி மில் வைத்திருக்கும் லோங்தான் முதலில் வாயைத் திறந்தான். யெம்மின் கடையில் தினமும் காலையில் முதல் கிண்ணம் அவனுடையது. முதல் கேலியும் அவனுடையது.

"அவங்க நாடே கடலுக்குக் கீழ இருக்குதாமே, யெம் அக்கா. தண்ணிய வெளிய எறைச்சு எறைச்சே வாழறாங்களாம். அந்த மிச்சத் தண்ணியத்தான் உனக்கு அனுப்பறாங்க போல."

"அனுப்பட்டுமே. உன் மில்லுத் தவிட்டையும் கழுவிக்கலாம், உன் வாயையும் கழுவிக்கலாம்" என்றாள் யெம்.

நான் துளை போட்டேன். என்ன தண்ணீர் தெரியுமா? கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கத்து நிலத்தடியில் சில இடங்களில் விஷம் கலந்திருக்கும். நகரத்தில் சோதித்துப் பார்த்தார்கள், ஒரு சொட்டு விஷம் இல்லை. சிமெண்ட் தளம் கட்டி, வடிகால் விட்டு, பம்பை நிறுத்தினேன். என் கையால் செய்ததிலேயே அழகான கிணறு அது. அப்படி அழகான கிணறுகள் நிறையச் செய்திருக்கிறேன் என்றாலும்.

சடங்கு நாளில் பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். வாழைத்தண்டு, மெழுகுவர்த்தி, தாமரை மொட்டு எல்லாம் தயார். ஆச்சார் நியெம் மார்ரிட் பக்கம் திரும்பினார்.

"கொடுத்தவங்க பேரு சொல்லும்மா."

"பெயர் கிடையாது ஐயா" என்றாள் மார்ரிட்.

"பேரில்லாத மனுஷன் உண்டா? மெதுவா சொல்லு, எனக்கு வாயில நுழையலன்னா நான் பாத்துக்கறேன்."

"எங்கள் சபையில் கொடுத்தவர் பெயரைச் சொல்வதில்லை ஐயா. பெயரைச் சொன்னால் அது பெருமைக்காகக் கொடுத்ததாக ஆகிவிடும். இது எங்கள் விதி."

ஆச்சார் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க வெக்கப்படறீங்கன்னு புரியுது. ஆனா நான் யாருக்குன்னு அனுப்பறது? பேரில்லாத புண்ணியம் வழியில அலையும். அலையறத எல்லாம் பசிப்பேய் புடிச்சுக்கும். அப்புறம் கிணறு ஊர்க் கிணறு இல்ல, பேய்க் கிணறு."

மார்ரிட் முகம் சிவந்துபோய் நின்றாள். எங்களுக்கு அவள் ஏதோ மறைக்கிறாள் என்று தோன்றியது. அவளுக்கு நாங்கள் ஏதோ புகழ்ச்சி கேட்கிறோம் என்று தோன்றியிருக்கும். பிக்குகள் பொதுவாக ஒரு வாழ்த்தைச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். ஆச்சார் மெழுகுவர்த்தியை ஏற்றவே இல்லை.

அன்று தொட்டு யாரும் அந்தப் பம்பைத் தொடவில்லை. குழந்தைகள் அந்தப் பக்கம் ஓடினால் தாய்மார் காதைத் திருகினார்கள். யெம்மின் முற்றத்தில் கண்ணாடி மாதிரித் தண்ணீர், யெம் குளத்துக்கு வண்டி தள்ளிக்கொண்டு போகிறாள். 

ஒருநாள் மாவு அரைக்கிற கல்லைக் கழுவுவதற்கு மட்டும் ஒரு வாளி அடித்திருக்கிறாள். பம்பின் பிடி ஈரமாக இருப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவள் கூடையோடு சந்தையில் உட்கார்ந்தாள், கூடை நிறைய அப்படியே திரும்பினாள். லோங்கூட வரவில்லை.

"என்னடா, உனக்குமா பயம்?" என்று கேட்டாளாம்.

"பயம் எனக்கில்ல அக்கா. என் பொண்டாட்டிக்கு. உன் சேவையத் தின்னுட்டு வந்தா பேய் எங்கூட வீட்டுக்குள்ள வருமாம். ஒரு பேய் போதும்னு நான் சொன்னதுக்கு அடி வாங்கினேன்."

சேவை பன்றிக்குப் போனது. அடுத்த நாளும் அப்படியே. சேவைக்காரியின் சேவையை ஒருமுறை ஊர் வேண்டாம் என்றுவிட்டால், அடுத்த ஊருக்கு அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். நான்கு குடியிருப்புக்கும் வரவேண்டிய தண்ணீர் அவளால் கெட்டது என்று வேறு பேச ஆரம்பித்தார்கள். இடம் கொடுத்தவள் அவள்தானே.

இதற்கு நடுவில் மார்ரிட் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். புத்தாண்டுவரை யாரும் கிணற்றைப் பயன்படுத்தவில்லை என்றால் பம்பைக் கழற்றி வேறு ஊரில் பொருத்த வேண்டும் என்று மேலே முடிவு செய்துவிட்டார்களாம். மற்ற மூன்று கிணறுகளும் இல்லை. கழற்றுவதற்கு எவ்வளவு கூலி வேண்டும் என்று கேட்டாள். நான் போட்ட பம்பை நானே கழற்றுவதா? எனக்கு வந்த கோபத்தில் நேராக யெம் வீட்டுக்குப் போனேன்.

அவள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காலி ஓட்டைத் தகரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். தகரத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அந்தக் கிணத்தக் கொடுத்தது யாரு?"

"அதத்தானே யாரும் சொல்லல."

"சொல்லலங்கறது வேற. யாரோ ஒருத்தர் இருக்காருல்ல? அவரு எப்படி இருப்பாரு? எதுக்கு ஒளிஞ்சுக்கறாரு? கெட்ட காசா? இல்ல நெஜமாவே வெக்கமா? எனக்குத் தூக்கம் வரல அண்ணே. பேய நெனச்சு இல்ல, இத நெனச்சு."

"அப்ப போய்க் கேப்போம். ஏறு லாரியில" என்றேன்.

நகரத்தில் சபை அலுவலகம் ஒரு மாடி வீட்டில் இருந்தது. மார்ரிட் எங்களுக்குக் கரும்புச்சாறு வாங்கிவரச் சொல்லி, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். யெம் சாற்றைத் தொடவில்லை.

"அம்மா, நான் பேரு கேக்க வரல. அது உங்க விதின்னு தெரிஞ்சுக்கிட்டேன். எப்படிக் கொடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

மார்ரிட்டுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். "எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிப்பை வரும் அக்கா. வரிசையில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். எல்லோரும் கையை மூடிக்கொண்டு உள்ளே விடுவார்கள்."

"மூடிக்கிட்டா? எதுக்கு?"

"உள்ளே எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது."

"ஒண்ணும் போடாதவங்க?"

"அவர்களும் மூடின கையைத்தான் விடுவார்கள். வெளியே எடுக்கும்போதுதான் எல்லாருடைய கையும் திறந்திருக்கும்."

யெம் தோளில் கிடந்த கட்டம்போட்ட துண்டை எடுத்தாள். நான்கு முனையையும் சேர்த்துப் பை மாதிரி பிடித்தாள். "காட்டுங்க" என்றாள். மார்ரிட் சிரித்துக்கொண்டே கையை மூடி உள்ளே விட்டு வெளியே எடுத்தாள். யெம் என்னிடம் நீட்டினாள். நானும் விட்டேன். மேசைகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அலுவலகக்காரர்களிடம் எல்லாம் கொண்டுபோனாள். கடைசியில் அவளே தன் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு துண்டை விரித்துக் காலியாக இருந்த உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப நீங்க சொல்லாம இருக்கல. உங்களுக்கே தெரியாது."

"தெரியாது அக்கா. யாருக்குமே தெரியாது."

"இத அன்னிக்கே ஆச்சார்கிட்ட சொல்லியிருந்தா பாதிப் பேய் ஓடியிருக்கும்" என்றேன் நான்.

"மீதிப் பாதி?" என்று கேட்டாள் யெம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். "பை தானா நடந்து வராதே. முதல் வரிசைக்கு அத யாரு கொண்டாந்து கொடுக்கறது?"

"அதற்கென்று ஒரு பெரியவர் இருக்கிறார். வீபே என்று பெயர். பால் மாடு வைத்திருந்தவர். நான் குழந்தையாக இருந்தபோதே அவர்தான் பையை எடுத்து வருவார்."

சொல்லி முடித்ததும் மார்ரிட் வாயை மூடிக்கொண்டாள். யெம் ஒரு பெயரைப் பிடித்துவிட்டாள்.

"அவரு பையில போடுவாரா?"

"அதுவும் யாருக்கும் தெரியாது."

"அப்ப அவரு கொடுத்தவர்னு சொல்ல முடியாது. விதியில வரமாட்டாரு. அவரோட அம்மா உசுரோட இருக்காங்களா?"

"இல்லை. அவருக்கே எண்பது வயது. அக்கா, நீங்கள் என்ன செய்யப் பார்க்கிறீர்கள்?"

"பேரு வேணும். பை தூக்கினவர் பேரு வேண்டாம், அவரு ஒருவேளை போட்டிருந்தாலும் போட்டிருப்பாரு. அவங்கம்மா பேரு போதும். அந்தம்மா பையில கைய விட்டிருக்க முடியாதுல்ல?"

மார்ரிட் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். எனக்கே தலை சுற்றியது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும். கடைசியில், "நான் கேட்க மாட்டேன். என்னால் கேட்க முடியாது. வேண்டுமானால் நீங்களே கேளுங்கள், நீங்கள் சொல்வதை மட்டும் நான் மொழி மாற்றுகிறேன்" என்று போனை எடுத்தாள். எங்களுக்கு மதியம், அங்கே காலை.

கிழவரின் குரல் கரகரப்பாக வந்தது. யெம் முதலில் கேட்டது, "தாத்தா, இப்ப மாடு இருக்கா?"

மாட்டையெல்லாம் மகனிடம் விட்டுவிட்டாராம். ஒரு கிழட்டுப் பசுவை மட்டும் விற்க விடவில்லையாம். அவர் திருப்பிக் கேட்டார், கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று.

"இன்னும் யாரும் குடிக்கல தாத்தா."

 யெம் எல்லாவற்றையும் சொன்னாள். பசிப்பேயை மார்ரிட் எப்படி மொழி மாற்றினாளோ தெரியாது, நெற்றியில் வியர்த்துவிட்டது. பிறகு கிழவர் பேசினார். தங்கள் சபையில் இறந்தவர்களுக்கு எதுவும் அனுப்புவதில்லை என்றும், இறந்தவர்கள் கடவுளிடம் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை என்றும் சொன்னார். கோபம் இல்லை, ஆனால் உறுதியாகச் சொன்னார்.

யெம் போனுக்கு அருகில் குனிந்தாள். "அனுப்பறது எங்க வேலை தாத்தா. வாங்கிக்கறதும் வேண்டாங்கறதும் உங்கம்மா பாடு. நீங்க விலாசம் மட்டும் சொல்லுங்க."

மார்ரிட் அதை மொழி மாற்றியதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார். சிரித்து முடித்து, ஒரு வார்த்தை சொன்னார். மார்ரிட் அவரை மறுபடி சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டாள்.

"சிட்ஸ்கே" என்றாள் எங்களிடம்.  "அவர் அம்மா பெயர். ஊர்க் கால்வாயில் உப்புத் தண்ணீர்தான் ஓடுமாம். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, குழந்தைகளுக்கு அளந்து ஊற்றுவாராம். தண்ணீர் என்றால் அவருக்கு ஆட்சேபணை இருக்காது என்கிறார்."

திரும்பி வரும்போது லாரியில் யெம் ஒரே கேள்விதான் கேட்டாள். "கடலுக்குக் கீழ இருக்கற ஊர்ல குடிக்கத் தண்ணி இல்லையா அண்ணே?"  எனக்குப் பதில் தெரியாத கேள்வி அபூர்வம், இது அதில் ஒன்று.

இனி ஆச்சார் நியெம். அவர் விகாரையின் மரத்தடியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். துணிப்பைக் கதையில் தொடையைத் தட்டினார், அதெல்லாம் சரி. அம்மா விஷயத்துக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"பை தூக்கினவரோட அம்மாவா? அந்தம்மா என்ன கொடுத்தாங்க?"

"பை தூக்கறவரப் பெத்துக் கொடுத்தாங்களே" என்றாள் யெம்.

"ம்."

"பிக்குகளுக்குக் கொடுக்கற நம்ம காவித்துணி ஊர்வலத்துல தட்டத் தலையில தூக்கிட்டுப் போறவங்களுக்குப் புண்ணியத்துல பங்கு உண்டுன்னு போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க, ஆச்சார்? துணி வாங்கினது யாரோ, தூக்கினது நானு. எனக்குப் பங்கு உண்டுன்னீங்க."

"சொன்னேன்."

"அவரு வருஷக்கணக்கா தூக்கியிருக்காரு."

ஆச்சார் வெற்றிலையை மென்றார். "அந்தம்மா செத்து ரொம்ப நாளிருக்குமே. இதுக்குள்ள எங்கயாவது மறுபடி பொறந்திருப்பாங்களே?"

"பொறந்திருந்தா தாகம் எடுக்கும்ல? தண்ணிதானே."

அவர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் தோள் குலுங்கியது. "அந்தப் பேர மறுபடி சொல்லு."

யெம்முக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மார்ரிட் கொடுத்த பதிவைப் போனில் போட்டோம். அந்தக் கிழவர் குரலில் அவர் தாயின் பெயர் மரத்தடியில் கேட்டது. ஆச்சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி போடச் சொன்னார். பிறகு தன் வாயில் வைத்துப் பார்த்தார், பழத்தில் விதையைத் தேடுகிற மாதிரி. "சீ... சீத்... சீத்ஸ்கே." இரண்டு நாள் கழித்துப் போனேன், அப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெயர் தப்பாகப் போனால் விலாசம் தப்பாகிவிடும் என்று அவருக்குப் பயம்.

புத்தாண்டுக்கு முன் ஒரு காலையில் மறுபடி பிக்குகள் வந்தார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது, ஆனால் கொஞ்சம் தள்ளி வேலியோரமாக நின்றது. மார்ரிட் வந்தாள். சடங்கில் உட்காராமல் முற்றத்து முருங்கை மரத்தடியில் நின்றாள். தலை குனிந்திருந்தது. தன் சாமியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், அது அவள் சொந்த விஷயம், நான் கேட்கவில்லை. யெம் மட்டும் பிறகு கேட்டாள். "என் சாமியையும் நான் சமாதானப்படுத்த வேண்டும் அல்லவா அக்கா" என்று மார்ரிட் சொன்னாளாம்.

ஆச்சார் மெழுகுவர்த்தியை ஏற்றினார். தொண்டையைக் கனைத்தார். "கடலுக்குக் கீழே உள்ள நாட்டில், உப்புக் கால்வாய் ஊரில், மழைத் தண்ணீரை அளந்து ஊற்றிப் பிள்ளை வளர்த்த தாய் சிட்ஸ்கே" என்று படித்தார். பிசிறில்லாமல் வந்தது. மார்ரிட் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்க பிள்ளை தூக்கின பையில மூடின கைய விட்ட எல்லாரும்" என்று பிறகு சேர்த்துக்கொண்டார். அது அவர் சொந்தச் சரக்கு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

யெம் எழுந்து பம்பை அடித்தாள். முதல் தண்ணீர் துருவோடு வந்தது, இத்தனை நாள் சும்மா நின்றதல்லவா. பிறகு தெளிந்தது. இரண்டு கையிலும் பிடித்துக் குடித்தாள். வேலியோரம் நின்றவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "குளுகுளுன்னு இருக்கு. லோங், உன் பொண்டாட்டிக்கு ஒரு சொம்பு எடுத்துட்டுப் போ" என்றாள்.

"முதல்ல சேவையப் பிழி அக்கா. வெறும் வயித்துல பேய விரட்ட முடியாது" என்றான் லோங். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததும் வேலி காலியானது.

அன்று அவள் அந்தத் தண்ணீரில் பிழிந்த முதல் சேவையைச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. எலுமிச்சைப்புல்லைக் குறைத்துவிட்டாள், மறைக்க எதுவும் இல்லை. வெகு சீக்கிரம் பக்கத்து ஊர்ச் சந்தையிலிருந்தும் ஆள் வந்து வாங்க ஆரம்பித்தார்கள். "சிட்ஸ்கே தண்ணி" என்று பெயரே வந்துவிட்டது. சிமெண்ட் தளத்தில் அந்தப் பெயரை நீலப் பெயிண்டில் எழுதியது நான்தான். எழுத்து கொஞ்சம் கோணல், பெயிண்ட் நல்ல பெயிண்ட்.

முதல் மழைக்காலத்துக்குப் பிறகு பம்பு லொடலொடக்கிறது என்று யெம் ஆள் அனுப்பினாள். போய்க் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்து தாளாகியிருந்தது. அவ்வளவு அடித்திருக்கிறார்கள். தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகள் ஏராளம், ஆனால் அந்தத் தேய்ந்த வாஷரை நான் தூக்கிப் போடவில்லை, பையில் வைத்துக்கொண்டேன்.

மற்ற மூன்று கிணறுகளுக்கும் உத்தரவு வந்தது. இரண்டாவது குடியிருப்புக்குத் துளை போடும் லாரியை ஓட்டிக்கொண்டு போனேன். யெம்மும் மார்ரிட்டும் முன்னாலேயே வந்திருந்தார்கள். அங்கிருந்த பெண்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"அந்தக் குடியிருப்புக்கு ஒரு அம்மா கொடுத்தீங்கல்ல? எங்களுக்கு யாரு அம்மா?" என்றாள் ஒருத்தி.

"அதே அம்மா போதாதா?" என்றாள் மார்ரிட்.

"அது எப்படிப் போதும்? அவங்க ஒருத்தரே எத்தன கிணத்த வெச்சுக்குவாங்க? எங்களுக்கு வேற அம்மா வேணும்."

மார்ரிட் யெம்மைப் பார்த்தாள். யெம் தோளைக் குலுக்கினாள். "வீபே தாத்தாகிட்ட கேளுங்க. ஞாயித்துக்கிழமை பைய எடுத்துட்டு வரிசைக்கு வரிசை போறாருல்ல? போற வழியில யாராவது அவங்கம்மா பேரக் காதுல சொல்ல மாட்டாங்களா?"

மார்ரிட் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தாள். பிறகு ஓரமாகப் போய் நின்று போனை எடுத்தாள். நான் குழாயை நிமிர்த்தி, இடம் பார்த்து, முதல் துளையைப் போடத் தொடங்கினேன். எஞ்சின் சத்தத்தில் அவள் பேசுவது கேட்கவில்லை. ஆனால் அவள் சிரிப்பதும், பக்கத்தில் நின்ற யெம் அவள் வாயசைவைப் பார்த்துப் பார்த்து ஏதோ ஒரு புதுப் பெயரைச் சொல்லிப் பழகுவதும் தெரிந்தது.